சாமைக்குப் போட்ட கல்யாண மேக்கப்

அமிர்தி வழியாக வரும் வேலூர் பஸ் ஜமுனாமரத்தூரில் நின்றும் நிற்காமலும் இருக்கும்போதே ஷோபனா பின்படியில் ஏறிவிட்டாள். இறங்குகிறவர்கள் திட்டினார்கள். அவள் காதில் எதுவும் விழவில்லை. கடைசி சீட்டுக்கு அடியில் அவளுக்கு வந்த அட்டைப் பெட்டிகள் கிடந்தன. ஒன்றின்மேல் யாரோ வாழைத்தார் வைத்திருந்தார்கள். பெரிய பெட்டியின்மேல் ஒரு பெரியவர் நிம்மதியாகக் காலை நீட்டிப் போட்டிருந்தார்.

“ஐயோ, காலை எடுங்க பெரியப்பா! உள்ள லைட்டு கீது!”

“லைட்டா? இவ்ளோ பெரிய பொட்டியில இன்னா லைட்டு? திருவிழாவுக்கா?”

“இல்லீங்க, சாமைக்கு!”

பெரியவர் காலை எடுத்துவிட்டார். சாமைக்கு எதற்கு லைட்டு என்று அவர் கேட்பதற்குள் ஷோபனா பெட்டிகளோடு இறங்கிப் போயிருந்தாள். கேட்டிருந்தால் அவருக்குத்தான் கஷ்டம். அன்றைக்கு அவளிடம் வாய் கொடுத்தவர்கள் யாரும் சீக்கிரம் தப்பவில்லை. டீக்கடைக்காரர், மருந்துக்கடை ஆனந்தி, பஸ் ஸ்டாண்டில் சும்மா நின்ற டிரைவர் என்று எல்லோருக்கும் ஸ்டூடியோ லைட் என்றால் என்ன, அது எப்படி மின்னும், சாதா பல்புக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் அன்றே தெரிந்துபோயிற்று. அவர்கள் யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஷோபனா பிறந்தது மலைக்குக் கீழே, சந்தவாசலில். நெல்லும் கடலையும் போடுகிற குடும்பம். பள்ளிக்கூடம் முடித்து, கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, திருப்பத்தூரில் அத்தை வீட்டில் தங்கி ஒரு கல்யாண ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலாளி ஜீவானந்தம் நல்ல மனுஷர்தான். ஆனால் கேமராவோடு மண்டபத்துக்குப் போவது அவரும் அவருடைய ஆட்களும். ஷோபனாவுக்குப் பின்கட்டில், ஜன்னல் இல்லாத அறையில், கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நாற்காலி. அவள் வேலை மணப்பெண்ணை வெளுப்பாக்குவது.

சிரிக்க வேண்டாம், அது பெரிய வேலை. நம் ஊரில் கல்யாண ஆல்பம் என்றால் பெண் வெளுத்தே தீர வேண்டும். எள்ளு நிறத்தில், கேழ்வரகு நிறத்தில், பார்க்க லட்சணமாக உள்ளே வந்த பெண்கள் எல்லாம் ஷோபனாவின் கைபட்டுப் பால்கோவா நிறத்தில் வெளியே போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, குழம்புக்கு உப்புச் சொல்வதுபோல, “இன்னும் கொஞ்சம் வெளுப்பு வைமா” என்பாள். ஷோபனாவும் வைப்பாள். ஒவ்வொரு முகமாக உட்கார்ந்து வெளுத்துக்கொண்டிருந்தால் ஆடி போய் ஆவணி வந்துவிடும் அல்லவா? அதனால் அந்த வேலை மொத்தத்தையும் ஒரே பட்டனில் அடக்கி வைத்திருந்தாள். கீபோர்டின் மேல் வரிசையில் ஒரு பட்டன். தட்டினால் போதும், புள்ளி மறையும், சுருக்கம் மறையும், மஞ்சள் குறையும், முகம் முழுக்க ஒரு பால் வெளிச்சம் பரவும். அந்தப் பட்டனுக்கு அவள் கம்ப்யூட்டரில் வைத்த பெயர் ‘கல்யாணப் பொண்ணு’.

வருஷக்கணக்காக அந்தப் பட்டனைத் தட்டினாள். சோறு பிசைகிற கை தானாக வாய்க்குப் போவதுபோல அவள் விரல் தானாக அங்கே போகும். ஆனால் அவள் மனசு இருந்தது மண்டபத்தில், கேமராவுக்குப் பின்னால். படத்தைச் சரிசெய்கிறவளாக இல்லை, படம் எடுக்கிறவளாக இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. ஜீவானந்தத்திடம் ஒருமுறை கேட்டும் பார்த்தாள். “நீ போய்ட்டா வெளுப்பு யாருமா வெப்பாங்க?” என்று அவர் பாராட்டாகவே சொன்னார். அவளுக்கு அது பாராட்டாகத் தெரியவில்லை.

பிறகு கோகுலகிருஷ்ணனைக் கட்டிக்கொண்டாள். அவன் டெம்போ ஓட்டுகிறவன். மலையிலிருந்து புளி, பலாப்பழம், சாமை மூட்டைகளைத் திருப்பத்தூருக்கு இறக்குவான். திருப்பத்தூரிலிருந்து சிமெண்ட்டும் சர்க்கரையும் மேலே ஏற்றுவான். பிழைப்பு மலையில் என்பதால் குடித்தனமும் ஜமுனாமரத்தூருக்கு வந்தது. தாண்டவராயன் என்பவருடைய தானிய மில்லுக்கு மேலே ஒரு பெரிய அறை காலியாக இருந்தது. அதை வாடகைக்குப் பிடித்து, வாசலில் ‘ஷோபனா போட்டோஸ்’ என்று ஒரு தட்டி மாட்டினாள். பொருள்களைப் படம் எடுத்துக் கொடுக்கும் ஸ்டூடியோ என்று கீழே எழுதியிருந்தது. ஊர் அதைப் படித்துவிட்டு, பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொள்ள வந்தது.

அவள் சளைக்கவில்லை. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வெளிச்சம் வைக்கக் கற்றாள். பழைய கேமரா ஒன்றை வாங்கி, குடையையும் தெர்மாகோலையும் டேபிள் லைட்டையும் வைத்துக்கொண்டு டிபன் கேரியரை எடுத்தாள், வெல்லத்தை எடுத்தாள், புருஷனுடைய டெம்போ சாவியை எடுத்தாள். சாவி வேண்டுமென்று கோகுல் கெஞ்சுவான். “இருங்க, இன்னும் ஒரு லைட்டிங்!” என்பாள்.

இப்போது அந்தச் சாமை விஷயத்துக்கு வருவோம். மலையில் பெண்கள் குழு ஒன்று உண்டு. தலைவி முத்தம்மாள். கோவிலூர் பக்கம் சொந்தமாகக் காடு வைத்துச் சாமை விதைக்கிறவள். பேச்சு வெட்டு ஒன்று துண்டு ரெண்டு. குழுவின் சாமை, புளி, தேன், கொள்ளு எல்லாவற்றையும் இணையத்தில் விற்றுத் தருகிறோம் என்று பெங்களூர்க் கம்பெனி ஒன்று முன்வந்தது. பொருளுக்குப் படம் வேண்டுமே? அதற்குத்தான் முத்தம்மாள் ஷோபனாவைக் காட்டினாள். கம்பெனியில் இதைக் கவனிக்கும் ரம்யா என்ற பெண் போனில் நறுக்கென்று சொல்லிவிட்டாள். முதலில் சாமையை மட்டும் எடுத்து அனுப்ப வேண்டும். அந்தப் படம் பிடித்தால் மலையிலிருந்து வரும் எல்லாப் பொருளுக்கும் இனிமேல் ஷோபனாதான் போட்டோகிராபர். பிடிக்காவிட்டால் பொருளெல்லாம் பெங்களூருக்குப் போகும், அங்கே அவர்கள் ஸ்டூடியோவில் எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு படம், அதில்தான் எல்லாம். அதற்காகத்தான் கையிலிருந்த வளையலைக் கழற்றி அடகு வைத்து லைட் வரவழைத்தாள்.

பெட்டிகளை மாடிக்கு ஏற்றியதும் அவளுக்குச் சாப்பாடு தண்ணீர் எதுவும் நினைவில்லை. இரண்டு பெரிய ஃபிளாஷ் லைட். அவற்றை நிறுத்த ஸ்டாண்டு. வெளிச்சத்தை மெத்தென்று ஆக்க, ஆள் உயரத்துக்குச் சதுரமான துணிக்கூண்டு ஒன்று. அதற்குப் பெயர் சாஃப்ட்பாக்ஸ். அதன் கம்பிகளை வளைத்து மாட்டுவதற்குள் கோகுலுக்கு வியர்த்து விட்டது.

“கூடாரம் போடற வேலையா கீது ஷோபனா!”

“அந்தக் கம்பிய இன்னும் வளைங்க. ஒடியாது. வளைங்கன்றேன்!”

வெள்ளைப் பலகை போட்டு, வெள்ளைக் கிண்ணத்தில் சாமையைக் குவித்து, கூண்டை நேர் மேலே நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவை அழுத்தினாள். அறை முழுக்க ஒரு வெண்மின்னல். கோகுல் கண்ணை மூடிக்கொண்டான். ஷோபனா சத்தம் போட்டுச் சிரித்தாள். அத்தனை வருஷமும் வேறு யாரோ வைத்த வெளிச்சத்தைத் திருத்திக்கொண்டிருந்தவள், முதல் முறையாகத் தானே ஒரு வெளிச்சம் வைத்திருக்கிறாள். மறுபடி அழுத்தினாள். கீழே மில் ஓடும்போதெல்லாம் வோல்டேஜ் இறங்கி லைட் மக்கர் செய்தது. மில் நிற்கிற இடைவெளி பார்த்துப் பார்த்து எடுத்தாள்.

பிறகு கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தாள். தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தாள். ஆத்திரக்காரனுக்கு மட்டுமா புத்தி மட்டு, சந்தோஷக்காரிக்கும் அதே கதைதான். அவள் விரல் தானாகக் கீபோர்டின் மேல் வரிசைக்குப் போயிற்று. தட்டியது. மணப்பெண்ணுக்கு நடப்பதெல்லாம் சாமைக்கு நடந்தது. புள்ளி மறைந்தது, பழுப்பு மறைந்தது, பால் வெளிச்சம் பரவியது.

“இன்னாங்க! இங்க வந்து பாருங்க!”

கோகுல் பார்த்தான். “நம்ம சாமையா இது? மல்லிப்பூவாட்டம் கீதே!”

வெளுத்ததெல்லாம் பால் என்று பழகிய கண் அவளுடையது. அவன் சொன்னது அவளுக்குத் தேன். உடனே படத்தை ரம்யாவுக்கு அனுப்பிவிட்டு, எழுந்து நின்று, தனக்குத்தானே கை தட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை, சந்தை நாள். கீழே கோகுலின் டெம்போவில் குழுவின் சாமை மூட்டைகள் ஏறி நின்றன. முதல் சரக்கு. மதியம் திருப்பத்தூரிலிருந்து கிளம்பும் கம்பெனி லாரியில் அதைச் சேர்க்க வேண்டும். மில்லில் சாமையும் கேழ்வரகும் கொண்டுவந்த பெண்கள் வரிசை தெரு வரைக்கும் நின்றது. மில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையும் மீறி மாடிப்படியில் முத்தம்மாளின் காலடி கேட்டது. அவளுக்குப் பின்னால் உடம்பெல்லாம் மாவோடு தாண்டவராயன்.

“ஷோபனா, இன்னா நடந்துச்சு? ரம்யா போன் பண்ணுச்சு. டெம்போவ எடுக்க வேணாம், சரக்க அனுப்பாதீங்கன்னு சொல்லுது.”

“ஏன்க்கா?”

“சாம்பிளுக்குக் குடுத்த சாமை ஒண்ணு, போட்டோவுல கீற சாமை ஒண்ணாம். போட்டோவுல கீறது பாலிஷ் போட்ட சாமையாம். தவிடு எடுக்காத சாமைன்னு சொல்லி ஏமாத்திட்டோமாம். நான் சொல்ட்டேன், எங்க மூட்டையில தப்பே கெடையாதுன்னு. அது நம்பல.”

“என் மெஷின்ல பாலிஷ் போடற அமைப்பே கெடையாதும்மா!” என்று தாண்டவராயன் கத்தினார். “உமியத்தான் எடுப்பேன். தவிட்ட எடுக்க மாட்டேன். சாமி மேல சத்தியம். ஊர் முழுக்க இப்ப என் மில்ல சந்தேகப்படும்!”

முத்தம்மாள் ஷோபனாவையே பார்த்தாள். “நீ எங்க சாமையத்தான எடுத்த? கடை சாமை ஏதாச்சும் கலந்துடுச்சா?”

ஷோபனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பழுப்பு, புள்ளி, சுருக்கம் என்று அவளுடைய பட்டன் துடைத்துப்போட்டதெல்லாம் தவிடு. பாலிஷ் போடாத சாமைக்கு அந்தப் பழுப்புத் தோல்தான் அடையாளம். அதைத்தான் மலைப்பெண்கள் விற்கிறார்கள். அதைத்தான் அவள் ஒரே தட்டில் உரித்துவிட்டாள்.

அந்த இடத்தில் அவளுக்கு ஒரு வழி இருந்தது. “லைட் வெளிச்சத்துல அப்படித்தாங்க்கா தெரியும்” என்று ஒரு வார்த்தை போதும். நம்பியிருப்பார்கள். லைட்டைப் பற்றி அந்த ஊரில் அவளை எதிர்த்துப் பேச யார் இருக்கிறார்கள்? அவள் பேரும் தப்பியிருக்கும். நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஊர் நம்புவதைக் கம்பெனி நம்பாது, மில்லைத்தான் பிடிக்கும், மூட்டையைத்தான் ஒதுக்கும். டெம்போ கீழேயே நிற்கும்.

“அக்கா, மூட்டை மேல தப்பு இல்ல. மில்லு மேலயும் தப்பு இல்ல. தப்பு என்னோடது” என்றாள்.

கம்ப்யூட்டரைத் திறந்து இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று எடுத்தபடி இருந்த படம், மற்றொன்று பட்டன் தட்டிய பிறகு. கல்யாணப் பெண்ணுக்குச் செய்வதைச் சாமைக்குச் செய்துவிட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

தாண்டவராயன் திரையைப் பார்த்தார், ஷோபனாவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். “அடிப்பாவி! சாமைக்கு மேக்கப் போட்டு அனுப்பிட்டியா?” என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாவு பறந்தது. முத்தம்மாள் சிரிக்கவில்லை.

“இத எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அந்தப் பொண்ணுகிட்ட நீயே சொல்லு.”

ஷோபனா செல்போனை ஸ்டாண்டில் மாட்டி வீடியோவில் ரம்யாவைக் கூப்பிட்டாள். ரம்யா முகம் இறுகி இருந்தது. ஷோபனா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பின்கட்டு அறை, பட்டன், பழக்கதோஷம் எல்லாம். பட்டன் தட்டாத படத்தை அனுப்புவதாகவும் சொன்னாள்.

“சரி, அப்ப எடிட் பண்ணாத படத்தை அனுப்புறேன்னு சொல்றீங்க” என்றாள் ரம்யா. “ஆனா அதையும் நீங்க மாத்தியிருக்கலாம்னு எங்க குவாலிட்டி டீம் சொல்லுவாங்க. நான் எப்படி பதில் சொல்றது?”

“உங்க கண்ணு முன்னாடியே எடுக்கறேங்க. இப்பவே. அந்த மூட்டையிலேருந்தே. கேமராவுலேருந்து நேரா உங்களுக்கு வரும். கம்ப்யூட்டர் பக்கமே போக மாட்டேன்.”

ரம்யா கடிகாரத்தைப் பார்த்தாள். “கட் பண்ணாதீங்க. லைன்லயே இருக்கேன். லாரி கிளம்பறதுக்குள்ள முடிக்கணும்.”

அப்புறம் அந்த அறையில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும்! கோகுல் கீழே ஓடி, டெம்போவிலிருந்து மூட்டையை அவிழ்த்து, ரம்யா பார்க்கச் செல்போன் முன்னாலேயே சாமையை அள்ளி வைத்தான். ஷோபனா கேமராவைத் தூக்கி அழுத்தினாள். லைட் மின்னவில்லை. சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சிவப்புப் பொட்டு மட்டும் எரிந்தது. கீழே மில் ஓடுகிறது, சந்தை நாள், வோல்டேஜ் படுத்துவிட்டது.

“அண்ணா, மில்லு!” என்றாள் ஷோபனா.

அவள் சொல்லி முடிக்கும் முன்னால் தாண்டவராயன் படியில் இறங்கிவிட்டார். அவருக்கும் தன் மெஷினின் மானம் காக்க வேண்டுமே. கடகடச் சத்தம் நின்றது. வரிசையில் நின்ற பெண்களின் சத்தம் கிளம்பியது.

“ஏன் நிறுத்திட்ட? பஸ்ஸு போய்டும்யா!”

“மேல போட்டோ எடுக்கறாங்க! சாமைக்கு!”

அவ்வளவுதான். சாமையை யார் போட்டோ எடுப்பார்கள் என்று பார்க்க வரிசை மொத்தமும் கூடையோடும் கூஜாவோடும் மாடிக்கு ஏறிவிட்டது. அறை நிரம்பிப் படி வரை நின்றார்கள்.

ஷோபனா நேற்று வைத்த கூண்டைப் பார்த்தாள். நேர் மேலிருந்து மெத்தென்று விழும் வெளிச்சம், நிழலே இல்லை. பட்டனைக் குறை சொல்வானேன், லைட்டையும் மணப்பெண்ணுக்கு வைப்பதுபோல்தான் வைத்திருக்கிறாள். முகத்துக்கு நிழல் கூடாது, சரி. தானியத்துக்கு நிழல் இல்லாவிட்டால் அதன் வரி எப்படித் தெரியும்? கூண்டைக் கழற்றி வீசினாள். வெள்ளைக் கிண்ணத்தையும் வெள்ளைப் பலகையையும் எடுத்துவிட்டு மில்லில் கிடந்த பழைய மரப்பலகை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள். சாமையை அதன்மேல் கையால் பரப்பினாள். ஒரே ஒரு லைட்டைப் பலகை மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் வைத்து, வெளிச்சம் சிதறாமல் நேராகப் போவதற்காகக் கட்டம் கட்டமாக ஓட்டை உள்ள மூடியை அதன் வாயில் மாட்டினாள். எதிர்ப்பக்கம் கறுப்பு அட்டை. அங்கே வெளிச்சம் திரும்பி வரக் கூடாது.

முதல் ஃபிளாஷுக்கு அறையே “யம்மா!” என்றது. படம் சரியில்லை, ஓரம் வெளிச்சம் தாங்காமல் வெளுத்துப்போயிருந்தது. லைட்டின் அளவைக் குறைத்தாள். அடுத்ததற்கு யாரோ தும்மி, சாமை கொஞ்சம் பறந்தது. மறுபடி பரப்பினாள். அடுத்ததைக் கேமராவின் திரையில் பார்த்து முகம் சுளித்தாள். சாமை செவ்வரி ஓடித் தெரிந்தது. இது எங்கிருந்து வந்த சிவப்பு? நிமிர்ந்து பார்த்தாள். முத்தம்மாள் பலகைக்கு ஒட்டி, பளீர் சிவப்புப் புடவையில் நின்றுகொண்டிருந்தாள்.

“அக்கா, கோச்சுக்காதீங்க. உங்க பொடவ செவப்பு சாமை மேல அடிக்குது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

“என் பொடவையா?” முத்தம்மாள் தன் புடவையைப் பிடித்துப் பார்த்தாள். பின்னால் நின்ற பெண்கள் தங்கள் புடவையின் பச்சையும் மஞ்சளும்கூட அடிக்குமோ என்று முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்து, கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு சுவர் வரைக்கும் பின்னால் போனார்கள். செல்போனில் ரம்யாவின் உதட்டிலும் ஒரு சிரிப்பு வந்து போயிற்று.

ஷோபனா குனிந்தாள். பலகையின் விளிம்பிலிருந்து பார்த்தாள். வெளிச்சம் ஒவ்வொரு மணியின் முதுகையும் தொட்டுக்கொண்டு போனது. அழுத்தினாள்.

கேமராவின் சின்னத் திரையில் படம் வந்தது. அதைச் சுற்றித் தலைகள் கூடிவிட்டன. ஒவ்வொரு சாமை மணியும் தனித்தனியாக நின்றது. மேலே மெல்லிய பழுப்புத் தோல். தோலில் வரி. அங்கங்கே ஒட்டியிருந்த கறுப்புப் பொட்டு. மலையில் விளைந்தது எப்படி இருக்குமோ அப்படி.

“தோ பாரு, தவிடு தெரியுது!”

“எங்க காட்டு சாமைடி! அதேதான்!”

ஷோபனாவுக்குச் சந்தோஷத்தில் உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு படத்தை அவள் பார்த்ததில்லை, அதுவும் தன் கையால். அந்தச் சந்தோஷத்திலேயே கால் தானாகக் கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்தது, விரல் தானாக நீண்டது. கோகுல் பாய்ந்து கீபோர்டைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“ஏய்! மறுபடியுமா?”

அறை வெடித்துச் சிரித்தது. ஷோபனா தன் விரலைத் தானே அடித்துக்கொண்டு, கேமராவிலிருந்து படத்தை நேராக ரம்யாவின் செல்போனுக்கு அனுப்பினாள்.

ரம்யா குனிந்து எதையோ எடுப்பது தெரிந்தது. குழு முன்பு கொடுத்திருந்த சாம்பிள் பொட்டலம். அதை அவிழ்த்து உள்ளங்கையில் கொட்டி, படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பக்கத்தில் யாரையோ கூப்பிட்டுக் காட்டினாள். அவர்களும் பார்த்தார்கள்.

“ரெண்டும் ஒண்ணுதான். சரக்கை அனுப்புங்க” என்றாள்.

கோகுல் கீபோர்டை ஷோபனாவின் கையில் கொடுக்காமல் முத்தம்மாளின் கையில் கொடுத்துவிட்டு, படியில் நாலுகால் பாய்ச்சலில் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் டெம்போ ஹாரனை அடித்துக்கொண்டு கிளம்பியது. தாண்டவராயன் யாரும் கேட்காமலே, “என் மில்லுல பாலிஷ் கெடையாது, பாத்தீங்களா?” என்று ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்னார்.

“படம் ரொம்ப நல்லா இருக்கு ஷோபனா” என்றாள் ரம்யா. கொஞ்சம் தயங்கினாள். “இந்தப் படத்தையே போட்டுக்கிறோம். ஆனா மத்த பொருளெல்லாம் இங்கேயே எங்க ஸ்டூடியோவுல எடுத்துக்கலாம்னு காலையிலேயே முடிவு பண்ணிட்டாங்க. ஒரு தடவை இப்படி ஆயிடுச்சு இல்லையா? என் கையில இல்ல. சாரி.”

“பரவால்லீங்க” என்றாள் ஷோபனா. தப்புச் செய்தது அவள்தான், யாரைக் குறை சொல்வாள்? சிரித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு குனிந்து லைட்டின் வயரைச் சுருட்டத் தொடங்கினாள். கண் மறைத்தது. அழக் கூடாது, இத்தனை பேர் முன்னால் அழவே கூடாது என்று வயரை இறுக்கி இறுக்கிச் சுற்றினாள்.

முத்தம்மாள் கீபோர்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, ஸ்டாண்டிலிருந்து செல்போனைப் பிடுங்கினாள்.

“இந்தாம்மா ரம்யா. நான் முத்தம்மா பேசறேன்.”

“சொல்லுங்கம்மா.”

“போட்டோவுல தப்புன்னு உனக்குத் தெரிஞ்சுதா? தெரியல. நீ மூட்டை மேலதான சந்தேகப்பட்ட? எனக்கும் தெரியல. நான் மில்லுகாரர்கிட்ட சண்ட புடிச்சேன். இந்தப் பொண்ணு வாயத் தொறக்காம இருந்திருந்தா எங்க சரக்கு கீழயே நின்னிருக்கும். யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அதுவே வந்து, தப்பு என்னுதுன்னு சொல்லுச்சு. உங்க ஊரு ஸ்டூடியோவுல கீறவங்க இன்னா எழவ பண்ணி வெச்சாலும் எங்களுக்கு எவன் வந்து சொல்லுவான்?”

“அம்மா, அது வந்து...”

“இரு, நான் முடிக்கல. எங்க சாமான எங்க ஷோபனாதான் போட்டோ புடிக்கணும். இல்லன்னா புளியும் இல்ல, தேனும் இல்ல, கொள்ளும் இல்ல. மூட்டைய அவுக்கவே மாட்டோம். இன்னாங்கடி சொல்றீங்க?”

“அவுக்க மாட்டோம்!” என்று சுவரோரம் நின்ற பெண்கள் கத்தினார்கள். அதில் பாதிப் பேர் குழுவில் இல்லாதவர்கள். கேழ்வரகு அரைக்க வந்தவர்கள். அவர்கள்தான் சத்தமாகக் கத்தினார்கள்.

ரம்யா கையிலிருந்த சாமையைப் பொட்டலத்தில் திருப்பிக் கொட்டினாள். “மேல கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேம்மா.”

“இப்பவே கேளு. நாங்க இங்கியே நிக்கறோம்.”

ரம்யா திரையிலிருந்து மறைந்தாள். ஒரு காலி நாற்காலி தெரிந்தது. அறையில் ஒருவரும் நகரவில்லை. ஷோபனா சுருட்டிய வயரைக் கையில் வைத்துக்கொண்டு முத்தம்மாளைப் பார்த்தபடி நின்றாள். வரிசையில் முதலில் நின்ற பெண் தன் கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். பஸ் போய்விடும் என்று முன்பு கத்தியவள் அவள்தான். இப்போது பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை.

நாற்காலி அசைந்தது. ரம்யா வந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது, முகம் மலர்ந்திருந்தது.

“சரின்னுட்டாங்க. எல்லாப் பொருளும் ஷோபனாவே எடுக்கட்டும். ஆனா ஒரு கண்டிஷன், அந்தப் பட்டனை...”

“அது போச்சுங்க!” என்று ஷோபனா கத்தினாள். “இப்பவே அழிச்சிடறேங்க!”

அறையில் எழுந்த சத்தத்தில் அவள் அழுததும் யாருக்கும் கேட்கவில்லை, சிரித்ததும் கேட்கவில்லை. யார் யாரோ அவள் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தார்கள். தாண்டவராயன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிப்பக்கம் நகர்ந்தார்.

“ஆச்சு இல்ல, எல்லாரும் கீழ வாங்க. மில்ல போடறேன்.”

“மில்லு கெடக்கட்டும்” என்றாள் முத்தம்மாள். ஷோபனாவின் கையிலிருந்த வயரை வாங்கித் தரையில் உருட்டிப் பிரித்துவிட்டாள். “போட்டோகாரம்மாவுக்கு இன்னும் வேல கீது.”